வெள்ளிப் புகையும் என் இருமலும்

குடியிருக்கும் வீட்டில் உலை வைத்து உலோகம் உருக்க வேண்டுமானால் நகராட்சியின் உரிமம் வேண்டும். இதற்கென்று சட்டத்தில் ஓர் அட்டவணையே இருந்தது. ‘அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழில்கள்’ என்பது அதன் தலைப்பு. அப்படிப்பட்ட தொழில் ஒன்றைப் பற்றிப் புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதிலும் குழப்பம் கிடையாது. மனுவைப் படிக்க வேண்டும். இடத்தைப் பார்க்க வேண்டும். மனு கொடுத்தவரை விசாரிக்க வேண்டும். அவருக்கு எழுத்து மூலம் பதில் தர வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த நான்கில் மிக அரிதாக நடப்பது முதலாவதுதான்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர் என்னைப் போல் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். உயிரோடு இருக்கிறோம் என்று வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய் நிரூபித்துவிட்டு வருகிற வயது நமக்கு. போன தடவை அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் இருமிக்கொண்டே இருந்தார். சளிக் காய்ச்சல் வந்து போய் மூன்று வாரமாம், இருமல் மட்டும் விடவில்லையாம். வரிசையில் இருந்த ஆறு பேரும் ஆறு மருந்து சொன்னார்கள். ஒருவர், செம்புத் தகட்டைச் சுட்டு அதன் புகையை இழுக்கச் சொன்னார். கைப்பேசியில் வந்ததாம். சொன்னவர் கணக்குத் துறையில் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். செம்பு என்றதும் எனக்கு வெள்ளி ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு அந்த இருமல் வந்தது அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில், ஐப்பசி மழையில். ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். முதலில் மூக்கு அடைத்தது. நெற்றியில் கல்லைக் கட்டியது போல் கனத்தது. பிறகு சளி நெஞ்சுக்கு இறங்கிக் காய்ச்சல் வந்தது. கடைத்தெரு டாக்டர் ஐந்து நாள் ஊசி போட்டார். காய்ச்சல் போயிற்று. இருமல் போகவில்லை.

அம்மா மறுபடியும் அழைத்துப் போனாள். டாக்டர் முதுகிலும் மார்பிலும் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார்.

“நெஞ்சு சுத்தமா இருக்குதும்மா. நோய் போயிடுச்சு. தொண்டையும் மூச்சுக் குழாயும் உள்ள ரணமா கெடக்குது, அவ்வளவுதான். அது ஆற மூணு நாலு வாரம் ஆவும். அதுவரைக்கும் இருமத்தான் செய்யும். வெந்நீர் குடிக்கட்டும். படுக்கறப்ப ஒரு ஸ்பூன் தேன் குடு. தலையைக் கொஞ்சம் தூக்கி வெச்சுப் படுக்க வை. திரும்ப ஜுரம் வந்தாலோ, எடை எறங்கினாலோ, சளியில ரத்தம் தெரிஞ்சாலோ உடனே வா. முக்கியமா ஒண்ணு, பொகை ஆவாது.”

“அடுப்புப் பொகைங்களா டாக்டர்?”

“எந்தப் பொகையும் ஆவாது.”

அம்மா எழுந்தாள். கம்பவுண்டர் ரோஜா நிறத்தில் ஒரு மருந்து கலந்து கொடுத்தார். வேளைக்கு ஒரு பல்லாகக் கத்தரித்த காகிதம் நீளமாகப் புட்டியின் மேல் ஒட்டியிருந்தது. அந்தக் காகிதப் பற்களை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? ஒரு பல் அளவு குடித்தால் ஒரு வேளை. அந்த நகரத்தில் நான் பார்த்த மருத்துவ முறைகளில் அளவு என்ற ஒன்று இருந்தது அதில் மட்டும்தான்.

எங்கள் வீட்டில் எந்தப் புகை இருந்தது என்பது டாக்டருக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் பட்டுப் புடவை நெய்வதைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. அதே புடவை கிழிந்த பிறகு எங்கே போகிறது என்று யாரும் எழுதவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்களுடையது முசரவாக்கத்தில் நெல் விளைத்த குடும்பம். பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், தலையெடுத்ததும் டவுனுக்கு வந்து இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டார். பழைய பட்டுப் புடவைகளை மூட்டை மூட்டையாக வாங்குவார். ஜரிகைக் கரையை மட்டும் வெட்டி எடுத்துப் பின்கட்டுத் தகரக் கொட்டகையில் இரும்புச் சட்டியில் போட்டு எரிப்பார். பட்டு எரிந்து போகும், ஜரிகையில் இருக்கிற வெள்ளி சாம்பலோடு தங்கும். சாம்பலை வெங்காரம் போட்டு மூசை என்கிற மண் கிண்ணத்தில் உருக்கினால் அடியில் வெள்ளிக் கட்டி. அப்பா துருத்தி ஊதுவார். மூத்தவருக்குத் தொழில், இளையவருக்குத் துருத்தி. எங்கள் குடும்பப் பாகப்பிரிவினை அவ்வளவுதான்.

பட்டு என்பது புழுவின் எச்சில். அது எரிந்தால் தலைமயிரையும் கோழி இறகையும் சேர்த்துக் கொளுத்தியது போல் நாறும். அது வெறும் பட்டாகவும் வராது. யாரோ ஒருத்தியின் கல்யாண மஞ்சள், கக்கத்து வியர்வை, குழந்தை கக்கிய பால், பெட்டியில் வருஷக்கணக்காகக் கிடந்த பாச்சை உருண்டை, எலி மூத்திரம் எல்லாம் சேர்ந்து எரியும். மஞ்சளாக ஒரு புகை எழுந்து தகரக் கூரையில் முட்டி, வெளியே போக வழியில்லாமல் முற்றத்துக்குத் திரும்பும். சோற்றில் அந்த வாசனை. தலையணையில் அந்த வாசனை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “உங்க வூட்ல தெனமும் பொணம் எரிப்பாங்களாடி?” என்று கேட்பாள்.

பெரியப்பா மட்டும் ஈரத் துண்டை நாலாக மடித்து மூக்கிலும் வாயிலும் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் சட்டிக்கு முன்னால் உட்காருவார்.

கார்த்திகை முழுவதும் இருமினேன். சிரித்தால் இருமல், படுத்தால் இருமல், குளிர்ந்த காற்றுப் பட்டால் இருமல். ஒருமுறை தொடங்கினால் கண் பிதுங்கி, விலா எலும்பு வலித்து, சாப்பிட்டது வெளியே வந்த பிறகுதான் நிற்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா இரண்டு வாரம் பொறுத்தார். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்.

“டீ.பி.யா இருந்தா மத்த புள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும்மா. இருமல் நின்னப்புறம் இட்டுக்கினு வாங்க.”

டீ.பி. இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அம்மா நீட்டினாள். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, “சீட்டு சரி. சத்தம் கேக்குதே” என்றார். சான்று இருந்தால் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் அன்றைக்குச் சத்தம் வென்றது. முழுப் பரீட்சைக்கு முன் இருமல் நிற்காவிட்டால் ஆறாம் வகுப்புக் கிடையாது. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டுத் தறியில் ஊடை கோக்க அனுப்பப்பட்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருந்தார்கள். அம்மாவுக்கு அது தெரியும். அவள் எட்டாவது வரை படித்தவள், ஒன்பதாவது படிக்காததை மறக்காதவள்.

பெரியம்மா தன் பங்குக்கு வைத்தியம் ஆரம்பித்தாள். விரலி மஞ்சளை நெருப்பில் காட்டி, புகைகிற முனையை என் மூக்குத் துளைக்குள் செருகினாள். மூளை வரை எரிந்தது. தென்னேரியிலிருந்து வயல் நண்டு வரவழைத்து உயிரோடு அம்மியில் தட்டி ரசம் வைத்தாள். அது மட்டும் நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெருமாள் கோயிலில் மிளகும் சுக்கும் போட்டு மூங்கில் குடலையில் வேகவைக்கிற இட்லி சளியைக் கரைக்கும் என்று மூன்று நாள் அதையே தின்னவைத்தாள். பிறகு அதே கோயிலில் கூரையில் பதித்திருக்கும் பல்லியைத் தொடவைக்க அழைத்துப் போனாள். தொட்டால் நோய் போகும் என்று நம்பிக்கை. வரிசை நீளமாக இருந்தது. “நல்லா இருமுடி” என்று என் காதில் சொன்னாள். இருமினேன். வரிசை இரண்டாகப் பிளந்து வழி விட்டது. எனக்கு முன்னால் நின்றவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். நான் தொட்ட பிறகு அந்தப் பல்லியைத் தொட யாரும் அவசரப்படவில்லை.

மார்கழி முதல் வாரத்தில் பெரியப்பா சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொன்னார்.

“தங்க பஸ்பம், வெள்ளி பஸ்பம்னு வைத்தியருங்ககிட்ட வாங்கித் திங்கறானுங்க. எதுக்கு? நெஞ்சுக்கு. நம்ம வூட்ல அதே வெள்ளி பொகையா சும்மா போய்க்கினு இருக்குது. இந்தப் பொண்ணை சட்டிகிட்ட உக்கார வெச்சா பத்தே நாள்ல தேவலையாயிடும்.”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். கணவனின் அண்ணன் எதிரில் வந்து நிற்பதோ, அவரோடு நேராகப் பேசுவதோ எங்கள் ஜனங்களில் வழக்கமில்லை. அந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷத்தில் அம்மா பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும், “பாப்பா, பெரியப்பாவுக்கு மோர் வேணுமான்னு கேளு” என்று என்னிடம்தான் சொல்வாள். அவரும், “போதும்னு சொல்லு பாப்பா” என்பார். இருவருக்கும் நடுவில் தபால் இலாகா நான்.

அன்றைக்கும் அம்மா, “பாப்பா, பொகை ஆவாதுன்னு டாக்டர் சொன்னாருன்னு பெரியப்பாகிட்ட சொல்லு” என்றாள். நான், “பெரியப்பா, பொகை...” என்று ஆரம்பித்தேன். இருமல் வந்துவிட்டது. வாக்கியம் முடியவில்லை.

“பாத்தியா? எவ்ளோ சளி!” என்றார் பெரியப்பா. “டாக்டர் அப்படித்தான் சொல்லுவான். அவன் ஊசி போட்டுப் பொழைக்கறவன்.”

மறுநாள் காலையிலிருந்து சட்டிக்கு எதிரே எனக்கு ஒரு முக்காலி. காலை அரைமணி, சாயங்காலம் அரைமணி. வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இழுத்து, நிறுத்தி, விட வேண்டும். காலடியில் சாம்பல் போட்ட ஒரு டப்பா, துப்புவதற்கு. நான்காம் நாள் சளி கறுப்பாக வந்தது. பெரியப்பா அந்த டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். எதிர் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாரு! உள்ள எத்தினி மாச அழுக்கு! எல்லாம் கழண்டுக்கினு வருது!”

என்னுடைய கறுப்புச் சளியைப் பார்க்கத் தெருவே வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அந்த டப்பாவின் விளிம்பில் ஒட்டியிருந்தது கண்ணில் நிற்கிறது. எழுதும்போதே கையைக் கழுவ வேண்டும் போல் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதுவரை அந்தப் புகையைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் அதே தெருக்காரர்கள்தான். துணி காயப்போட முடியவில்லை, குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது என்று மாதம் ஒருமுறை வாசலில் சண்டை. மருந்து என்று தெரிந்ததும் சண்டை நின்றது. முதலில் எதிர் வீட்டுக்காரம்மா தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்புறம் மூச்சிரைப்பு உள்ள ஒரு கிழட்டு நெசவாளி. அப்புறம் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர். கொட்டகையில் நாலு பலகை போடவேண்டி வந்தது. பெரியப்பா யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. அவருக்கு வேண்டியது வேறு. அவர் சட்டியைக் கிளறும்போது எட்டுப் பேர் வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்க்க வேண்டும். பார்த்தார்கள்.

“இழு, இழு. உடாத. புடிச்சு வையி” என்பார் ஈரத் துண்டுக்குள்ளிருந்து.

அம்மா ஒரு காரியம் செய்தாள். தினமும் கிழிக்கிற காலண்டர் தாள்களைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் அன்று இரவு நான் எத்தனை முறை இருமி எழுந்தேன் என்று பென்சிலால் கோடு போட்டாள். அமாவாசையன்று உலை மூட்ட மாட்டார்கள். பெரியப்பா வெள்ளிக் கட்டியை விற்க மெட்ராஸ் போகிற நாட்களிலும் மூட்டுவதில்லை. அந்த நாட்களின் தாள்களில் இரண்டு கோடு, மூன்று கோடு. மற்றவற்றில் தாள் போதவில்லை. பிற்காலத்தில் எத்தனையோ ஆய்வறிக்கைகளைப் படித்து ஒப்பமிட்டிருக்கிறேன். அந்தக் காலண்டர் தாள்களைவிட ஒழுங்கான ஆவணம் ஒன்று என் மேஜைக்கு வந்ததில்லை.

அப்பாவிடம் காட்டினாள். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பெரியப்பா இருந்த திசையை ஒருமுறை பார்த்தார். “அண்ணன்கிட்ட நான் எப்படி சொல்றது?” என்றார். தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துருத்தி ஊதப் போனார்.

கதவுக்குப் பின்னால் நிற்பவள் வாயால் பேசக் கூடாது. கையால் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. பொங்கல் கழிந்ததும் அம்மா நகராட்சிக்கு ஒரு மனு எழுதினாள். முழுத் தாள், இடது பக்கம் ஓரம் விட்டு. ‘மேற்படி கதவு எண்ணில் உலை வைத்து வெள்ளி உருக்கும் தொழில் நடப்பதையும், அதன் புகையால் என் மகள் மூச்சுவிட இயலாமல் இருப்பதையும் தயவுசெய்து நேரில் பார்வையிட்டு ஆவன செய்யக் கோருகிறேன்.’ மொட்டை மனுவுக்கு நடவடிக்கை கிடையாது என்று எங்கேயோ கேட்டிருக்கிறாள். தன் பெயரை முழுதாக எழுதினாள். முகவரியும் எழுதினாள். வேறு முகவரி அவளுக்கு ஏது? புகார் கொடுத்தவளின் கதவு எண்ணும் புகாருக்குள்ளான உலையின் கதவு எண்ணும் ஒன்றே.

பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒரு வாரத்தில் ஒப்புகை அட்டை வந்தது. தபால்காரர் வாசலில் நின்று அம்மாவின் பெயரை உரக்கக் கூப்பிட்டார். அந்த வீட்டில் அந்தப் பெயருக்குத் தபால் வந்ததே இல்லை. பெரியப்பா நிமிர்ந்தார்.

“யார்கிட்டேர்ந்து பாப்பா?”

உள்ளிருந்து அம்மாவின் குரல்: “தாமல்லேர்ந்து சித்தி போட்டிருக்குதுன்னு சொல்லு பாப்பா.”

சொன்னேன். அட்டை அரிசிப் பானைக்குள் போயிற்று.

மாசியில் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். காக்கிப் பை, சைக்கிள், மெலிந்த உடம்பு. பெரியப்பா நாற்காலி போட்டுக் காபி வரவழைத்தார்.

“ஒரு மனு வந்திருக்குது. இங்க உலை ஓடறதா” என்றார் இன்ஸ்பெக்டர்.

“யார் குடுத்தது?”

“அதெல்லாம் ஆபீஸ்ல இருக்குது. நான் கதவு நம்பர் மட்டும் குறிச்சுக்கினு வந்தேன். பொகை ஜாஸ்தியோ?”

“பொகையா? மருந்து சார் அது! நம்ப மாட்டீங்க. பாப்பா, இப்படி வா.”

பலகையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து போனேன். பெரியப்பா என் தோளைப் பிடித்து இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினார்.

“எங்க தம்பி பொண்ணு. நடக்க முடியாம கெடந்தது. இப்ப அதையே கேளுங்க.”

“இருமல் எப்படிம்மா இருக்குது?”

சமையலறைக் கதவின் இடுக்கில் அம்மாவின் ஒரு கண் தெரிந்தது. என் தோளில் பெரியப்பாவின் கை. நெஞ்சுக்குள் இருமல் நிமிண்டியது. பல்லைக் கடித்து அதை அடக்கினேன்.

“தேவலாம் சார்.”

கண்ணிலிருந்து நீர் கொட்டியது. “பாருங்க, கண்ணு வழியா கூட எறங்குது” என்றார் பெரியப்பா. இந்த நினைவில் எனக்கு மற்றவர்கள் மேல் இருக்கிற அருவருப்பில் ஒரு பங்கு என் மேலும் உண்டு. அந்த இரண்டு வார்த்தைதான் அது.

இன்ஸ்பெக்டர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். “எனக்கே ரெண்டு மாசமா விடலை. ராத்திரியில ஜாஸ்தி” என்றார். பெரியப்பா பலகையில் இடம் காட்டினார். அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழிலைப் பார்வையிட வந்த அதிகாரி, கைக்குழந்தைக்கும் கிழவருக்கும் நடுவில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, கால்மணி நேரம் இழுத்தார். போகும்போது, “லேசா இருக்குதுய்யா” என்றார்.

அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் பெரியப்பா மறுபடி துண்டை நனைத்து மூக்கில் கட்டினார். அப்போதுதான் சமையலறைக் கதவு முழுதாகத் திறந்தது. அம்மா முற்றத்தைக் கடந்து வந்து கொட்டகை வாசலில், அவருக்கு நேர் எதிரே நின்றாள்.

“மாமா.”

துருத்தி நின்றது. பெரியம்மா எங்கிருந்தோ, “ஐயையோ, இன்னாடி இது” என்றாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பொகையில மருந்து இருந்தா, நீங்க ஏன் மூக்கைக் கட்டிக்கினு உக்கார்றீங்க?”

வாயைத் திறந்திருந்தவர்கள் மூடிக்கொண்டார்கள். கிழவர் பெரியப்பாவின் துண்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல் பார்த்தார். பெரியப்பா அவளைத் தாண்டி அப்பா பக்கம் திரும்பினார்.

“டேய், ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லி வையி.”

அப்பா துருத்தியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரை ஏன் கேக்கறீங்க? நான் இங்கதான நிக்கிறேன். மனு போட்டதும் நான்தான்” என்றாள் அம்மா. சத்தமாகவே சொன்னாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய், இரண்டு பாவாடையும் பாடப் புத்தகங்களும் காலண்டர் தாள்களும் ஒரு பையில் போட்டாள். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். கொட்டகையிலிருந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெரியப்பா அவர்களிடம் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

“நோவு இல்லாதவன் மருந்து சாப்புடுவானா? அதான் கட்டிக்கினு இருக்கேன்.”

தலையாட்டினார்கள். மறுபடி வாயைத் திறந்தார்கள். அதற்குப் பிறகும் சில வருஷங்கள் அந்தப் பலகைகள் காலியாக இருக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கைக்குழந்தை பிழைத்தது. கிழவரைப் பற்றி நான் கேட்கவில்லை.

தாமலில் சித்தி வீடு ஏரிக்கரைக்குக் கீழே. அங்கே எனக்கு வைத்தியம் என்று ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் முன்பே சொன்னது நடந்தது, அவ்வளவுதான். வெந்நீர். படுக்கும்போது தேன். தலைக்கடியில் பாதி நிரம்பிய நெல் சாக்கு. சாயங்காலம் அண்டாவில் கொதிக்கிற நீரின் ஆவி. மற்றபடி ஏரிக்காற்று. முதல் மூன்று நாளும் முன்போலவே இருமினேன். நான்காம் நாள் சளி வெள்ளையானது. ஒன்பதாம் நாள் காலை எழுந்தபோது அம்மா காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பென்சில் காதில் செருகியிருந்தது. தாளில் ஒரு கோடும் இல்லை. தூங்காமல் காத்திருந்திருக்கிறாள்.

பங்குனியில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப அழைத்துப் போனாள். வாத்தியாரம்மா என்னை வகுப்பு வாசலில் நிறுத்தினார். “இரு. அஞ்சு நிமிஷம் நில்லு” என்று சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே நாற்பது பிள்ளைகள் நான் இருமுவேனா என்று பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் முடிந்ததும், “சரி, போய் உக்காரு” என்றார். டாக்டர் சீட்டைக் கேட்கவே இல்லை. தாமலிலிருந்து பஸ்ஸில் வந்து பரீட்சை எழுதினேன். ஆறாவதுக்குப் போனேன்.

அப்பா வெள்ளிக்கிழமைதோறும் வருவார். வாய்க்காலில் குளித்து, வேட்டி மாற்றிய பிறகுதான் அம்மா அவரை என் பக்கத்தில் விடுவாள். அப்படியும் அவர் தலைமயிரில் எரிந்த பட்டு நாறும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒருநாள் அவர் வெள்ளிக்கிழமை அல்லாத நாளில், கையில் தகரப் பெட்டியோடு வந்தார். துருத்தியை விட்டுவிட்டதாகச் சொன்னார். பெட்டிக்குள்ளிருந்து பழுப்பு நிற உறை ஒன்றை எடுத்தார். அம்மாவின் பெயருக்கு நகராட்சியிலிருந்து வந்தது. ஏற்கெனவே பிரித்திருந்தது.

அம்மா படித்தாள். என்னிடம் கொடுத்தாள். நானும் படித்தேன். மனுதாரர் கோரியபடி இடம் பார்வையிடப்பட்டதாகவும், அக்கம்பக்கத்தாரிடமிருந்து ஆட்சேபணை ஏதும் இல்லை என்றும், ஆகவே மேற்படி கதவு எண்ணில் உலை வைத்து வெள்ளி உருக்கும் தொழில் நடத்த மனுதாரருக்கு உரிமம் வழங்கப்படுவதாகவும் எழுதியிருந்தது. உரிமதாரர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். கீழே முத்திரை.

இது எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நீங்களும் கோப்பு நகர்த்தியவர்கள்தானே. தொழிலின் பெயர் இருக்கிறது, கதவு எண் இருக்கிறது, ‘கோருகிறேன்’ என்று இருக்கிறது. மனுதாரரின் கதவு எண்ணும் தொழில் நடக்கும் கதவு எண்ணும் பொருந்துகின்றன. பொருந்தினால் அது விண்ணப்பம். நடுவிலிருந்த என் மூச்சைப் பற்றிய வரியைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். குறைந்தது ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அண்ணன் அந்தக் காகிதத்தைக் கேட்டாரு. இத்தினி வருஷமா அவர்கிட்ட லைசென்ஸே இல்லியாம். கண்ணாடி போட்டு மாட்டணுமாம். வாங்கிக்கினு வாடான்னாரு.”

அம்மா தாளை மடித்து உறைக்குள் வைத்தாள்.

“வேணும்னா நேர்ல வந்து என்னைக் கேக்கச் சொல்லுங்க. என் எதிர்ல நின்னு. நான் பதில் சொல்றேன்.”

பெரியப்பா வரவில்லை. தபால் இலாகாவும் மூடியாயிற்று, என் மூலமாகக் கேட்கவும் வழியில்லை. உரிமம் அம்மாவின் பெட்டியிலேயே கிடந்து, வருஷக் கடைசியில் எல்லா உரிமங்களையும் போலத் தானாகக் காலாவதியானது.

மனு பதிவுத் தபாலில் போனது தை மாதம் இருபதாம் தேதி. பதில் அம்மாவின் கைக்கு வந்து சேர்ந்தது ஆனி மாதம் இருபத்தெட்டாம் தேதி.